பாட்டுக்கு ரிலீவர்

செவ்வாய்க்கிழமை காலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மேசைமேல் இருந்த கைப்பேசி ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. பிறகு நிற்காமல் அதிர ஆரம்பித்தது. எங்கள் ஞாயிறு இசைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழு அப்படி அதிர்ந்தால், ஒன்று யாருக்காவது பிறந்தநாளாக இருக்கும், அல்லது யாராவது போயிருப்பார்கள். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். அப்பா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தணிகாசலம் அண்ணனின் மகள் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வரிசையாக ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல். நடுவில் ஒருவர் மட்டும் மாறுதலுக்கு 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று போட்டிருந்தார்.

எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் கோபம் வந்தது. எல்லாரும் சொல்கிற சொல்லையே எடுத்து நீட்டாதீர்கள் என்று அந்த மனிதர் எங்களிடம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை தலைபாடாக அடித்துக்கொண்டார். அவர் போன அன்றைக்கே அத்தனை பேரும் அதையே செய்கிறார்களே என்று பொருமிக்கொண்டு, நானாவது உருப்படியாக ஏதாவது எழுதலாம் என்று விரலை வைத்தேன். எனக்கும் 'ஆழ்ந்த' என்றுதான் வந்தது. முப்பது வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கீரைக்கு எதிரே உட்கார்ந்து அழுதேன்.

அன்று எழுத முடியாததை இப்போது எழுதிப் பார்க்கிறேன். அவரைத் தெரிந்தவர்கள் நெய்வேலியில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மைன்ஸில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் 'கன்வேயர் தணிகாசலம்'. கம்மாபுரம் பக்கத்துக்காரர். குடும்ப நிலம் சுரங்கத்துக்குப் போனதில் வேலைக்கு வந்தவர். மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு மைல்கணக்கில் ஓடும் பெல்ட்டின் ஓரமாகவே நடந்து, அதன் அடியில் உருளும் ஆயிரக்கணக்கான ரோலர்களில் எது கெட்டுப்போகப் போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்வது அவர் வேலை. என் வீட்டுக்காரரும் அவரும் ஒரே ஷிப்ட். நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், "எங்க தணிகாசலம் காதுதான் எங்களுக்கு மீட்டர்" என்று என் வீட்டுக்காரர் பெருமையடிப்பார். அந்தக் காதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் விளங்காது. ஷிப்ட் மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் பெல்ட்டை ஒப்படைக்க வேண்டும். வருகிறவர்தான் ரிலீவர். ரிலீவர் இன்னும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார். போகிறவர் வாயால்தான் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் ஒரு ரோலர் சிணுங்குகிறது, அந்த இடத்தில் ஒன்று இருமுகிறது, இன்னொன்று நேற்றுவரை முனகியது, இன்று பேச்சே இல்லை, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், இப்படி. ரிலீவருக்கு மனசில் அது விழுந்துவிட்டால் "வாங்கிகினேன், நீ கெளம்பு" என்பார். அந்த வார்த்தை வரும்வரை போகிறவர் நகரக்கூடாது. சங்கு ஊதி எவ்வளவு நேரமானாலும் சரி, பஸ் போய்விட்டாலும் சரி.

அவர் ஓய்வு பெற்ற பிறகு டவுன்ஷிப்புக்கு வெளியே சொந்த வீடு கட்டிக்கொண்டு போனார். ஆனாலும் ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் பிளாக் சமுதாயக் கூடத்தில் நடக்கும் இசைக் கூட்டத்துக்கு சைக்கிளில் வந்துவிடுவார். கூட்டத்தைத் தொடங்கியவர் அக்கவுண்ட்ஸில் அதிகாரியாக இருந்த ராமநாதன் சார். ஸ்பீக்கரில் ஏதாவது ஒன்றைப் போட்டுக் கேட்போம், பிறகு ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்வோம். கருத்துச் சொல்வதில் நான்தான் அப்போது ராணி. தணிகாசலம் அண்ணன் முதன்முதலாக வந்த அன்று ஒரு வீணையைக் கேட்டுவிட்டு, "அமுத தாரையாகப் பொழிந்து உள்ளத்தை உருக்கிய தெய்வீக நாதம்" என்று நான் சொன்னேன். கை தட்டினார்கள். அவர் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கையைத் தூக்கினார்.

"டீச்சரு, நீங்க சொன்னது எனக்குப் பிரியலீங்க" என்றார்.

"எதுண்ணே புரியல? ரொம்ப அருமையா இருந்துச்சுன்னு சொல்றேன்."

"அருமைன்னா அது உங்க சேதிங்க. உங்களுக்குப் புடிச்சிருக்குது, சரி. பாட்டோட சேதி இன்னா?"

ராமநாதன் சார் எனக்கு உதவிக்கு வந்து, அது கல்யாணி ராகம், ஆதி தாளம் என்றார். "அது அதோட பேருங்க சார். பேரு வேற, சேதி வேற. தணிகாசலம்னு சொன்னா நான் ஒல்லியா குண்டான்னு தெரிஞ்சிடுமா?" என்றார். கூடமே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம், உங்கள் கன்வேயருக்கு மரியாதை தெரியவில்லை என்று சண்டை போட்டேன். ராத்திரி சாதம் பிசையும்போது அந்த வீணை என்னதான் செய்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவில் இல்லை. அமுத தாரை மட்டும்தான் நினைவில் இருந்தது.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு நாள் கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் சீக்கிரம் வந்துவிட்டோம். அவர் சட்டைப்பையிலேயே கைப்பேசி கணகணவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் பாட்டுக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய்த் தோளைத் தொட்டு, பையைக் காட்டினேன். எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வலது காது போய்விட்டது, இடதும் போய்க்கொண்டிருக்கிறது என்று பிறகு சொன்னார். அவர் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஐம்பது வயதிலேயே இப்படி ஆனதாம், பரம்பரை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். காதில் மெஷின் வைத்துப் பார்த்தாராம். பாட்டெல்லாம் தகர டப்பாவில் போட்டு உருட்டுவதுபோல வருகிறது என்று கழற்றி வைத்துவிட்டாராம்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்றார். "தெரிஞ்சா எல்லாரும் கத்துவாங்க. கத்துறவன் நாலு வார்த்ததான் சொல்லுவான். சாப்டியா, நல்லாக்கிறியா, அவ்ளோதான். பாட்டு எனக்குப் பாதிதான் வருது. மீதிய நீங்கதான் கொண்டாந்து குடுக்கணும். நீங்க அருமைன்னு சொன்னா, நான் எத்த வச்சிகினு கேக்கறது?"

அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் கருத்து என்று சொல்லிக்கொண்டு திரிந்தது எங்களுக்குப் பொழுதுபோக்கு. அவருக்கு அதுதான் மிச்சமிருக்கும் காது. வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

அடுத்த மாதமே அவர் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். பெயர் 'சார்ஜ் கொடுக்கிறது'. ஒருவர் ரிலீவர். அவர் வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் போய் நிற்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஒரு இசையைப் போட்டுக் கேட்போம். பிறகு ரிலீவரை உள்ளே கூப்பிட்டு, எங்களில் ஒருவர் எழுந்து நின்று, கேட்டதை வாயால் ஒப்படைக்க வேண்டும். ராகம், தாளம், வாத்தியம், வாசித்தவர் எதன் பெயரும் சொல்லக்கூடாது. அருமை, தெய்வீகம், தேன், அமுதம் எல்லாவற்றுக்கும் தடை. அதன்பின் மூன்று இசையைக் கொஞ்சம் கொஞ்சம் போடுவோம். ரிலீவர் அதில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் "வாங்கிகினேன், நீ கெளம்பு" என்பார், சொன்னவர் உட்காரலாம். தப்பாகிவிட்டால் சொன்னவர் அப்படியே நிற்க வேண்டும், அடுத்த பாட்டையும் அவரே ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பெயர் டபுள் டூட்டி. ரிலீவர் எப்போதும் அவர்தான். ஸ்பீக்கரை மரமேசைமேல் வைக்கச் சொல்லி, மேசையில் உள்ளங்கையை வைத்து இடது காதைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். அது அவருடைய ஸ்டைல் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அடேயப்பா, அந்த முதல் ஞாயிறு. ராமநாதன் சார் தொடர்ந்து நான்கு பாட்டுக்கு நின்றார். பெயர் சொல்லக்கூடாது என்றதும் பாவம் அவருக்கு நாக்கே எழவில்லை. "கம்பீரமா இருந்தது" என்பார், மூன்றுமே கம்பீரமாக இருக்கும். நான் இரண்டு பாட்டுக்கு நின்றேன். 'இனிமை', 'மென்மை', 'சோகம்' என்று என் கையிலிருந்த சில்லறையெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் "ஒரு மாதிரியா இருந்துச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானம் கால் வலியோடு வீட்டுக்குப் போனோம். ஆனால் அடுத்த வாரம் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை.

குழந்தைகள் வந்தது தற்செயல். வெளியே மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு, பக்கத்து மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்தாறு பிள்ளைகள் கூடத்துக்குள் ஓடிவந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். உள்ளே தவிலோடு ஒரு நாகஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. முடிந்து ரிலீவரை உள்ளே கூப்பிட்டதும் நான் எழுந்து திணற ஆரம்பித்தேன். வேகமா இருந்தது, அப்புறம் நின்றது, என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல், "நிக்கல டீச்சர், பஸ்ஸு பிரேக் போட்டா எல்லாரும் முன்னாடி சாயுவாங்கல்ல, அந்த மாதிரி" என்றது. திரும்பிப் பார்த்தேன். ஆறு வயதுப் பெண், தர்ஷினி, எதிர் பிளாக்கில் குடியிருக்கும் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் மகள். முன்பல் இரண்டும் இல்லை.

தணிகாசலம் அண்ணன் மேசையில் கையை வைத்தார். முதலாவதைக் கேட்டார், இரண்டாவதைக் கேட்டார். மூன்றாவது ஓடி நின்ற இடத்தில், அவர் உடம்பே கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. "இதான்" என்றார். அந்தப் பெண்ணைப் பார்த்து, "வாங்கிகினேன், நீ கெளம்பு" என்றார். அதற்கு மழை விடவில்லையே தாத்தா, எங்கே கிளம்புவது என்று அவள் கேட்டாள். நாங்கள் சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டம் கூட்டமாக இல்லை, திருவிழாவாகிவிட்டது. பெரியவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பந்தயம். பிள்ளைகள் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். ஒரு வயலினைக் கேட்டுவிட்டு ஒருத்தி, "ஊசியில நூலு கோக்குறாங்க, உள்ள போவல, போவல, எச்சி தொட்டாங்க, போயிடுச்சு" என்றாள். இன்னொருவன் வீணையைக் கேட்டுவிட்டு, பாயசத்தில் ஜவ்வரிசி நாக்கில் வழுக்குவதுபோல என்றான். பாடகர் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பல்லவிக்கு வந்து சேர்ந்ததை தர்ஷினி, "சுத்திட்டு வூட்டுக்கு வந்துட்டாரு, ஆனா செருப்பு கழட்டல, திரும்பவும் போவாரு" என்று சொன்னாள். அப்படியே திரும்பவும் போனார். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். வகுப்பில் முப்பது வருடம் உவமையணி நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளையையும் இப்படிப் பேசவிட்டதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வாரம் பெரிய வாக்குவாதமே நடந்தது. உச்ச ஸ்தாயியில் போன ஒரு குழலை தர்ஷினி 'ஒல்லி சத்தம்' என்றாள். ராமநாதன் சார் அன்பாகத்தான் திருத்தினார்: "ஒல்லி இல்லம்மா, மேல் ஸ்தாயி. சுரம் மேலே போறது. கீழே வந்தா கீழ் ஸ்தாயி." அவள் மேலே அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். "எங்க மேல போச்சு, அதே டப்பாலேந்துதானே வந்துச்சு?" என்று ஸ்பீக்கரைக் காட்டினாள். தணிகாசலம் அண்ணன் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சார், இந்தப் பொண்ணு சொல்றதுதான் எங்க பாஷை. ரோலரு தேய ஆரம்பிச்சா சத்தம் ஒல்லியா ஆவும். மண்ணு சேந்துகினா குண்டா ஆவும். ஷிப்டுல நாங்க ஒல்லி, குண்டுன்னுதான் சொல்லுவோம். மேல கீழன்னு சொன்னா ஏணிய எடுத்துகினு கெளம்பிடுவானுங்க."

ராமநாதன் சார் பெரிய மனிதர். "அப்போ நான் புத்தகத்துல கத்துக்கிட்டதை இவ காதால கேட்டிருக்கா" என்றார். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒல்லியும் குண்டும் சட்டபூர்வமாயின. வெளியூரிலிருந்து வந்த ஒரு விருந்தினரிடம் அவரே, இந்தப் பாடகருக்கு ஒல்லியில் குரல் நிற்கவில்லை என்று சொல்லி அவரை விழிக்கவைத்தார்.

ஆனால் எனக்கு மட்டும் உள்ளுக்குள் திக் திக்கென்றிருந்தது. ஒல்லிச் சத்தங்கள்தான் அவருக்கு முதலில் போயின. குண்டுச் சத்தம் மேசைப் பலகை வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். குழலும் வயலினும் வரும் நாட்களில் அவர் கண்கள் சொல்கிறவரின் வாயையே பிடித்துக்கொண்டிருக்கும். பெரியவர்கள் ஒப்படைத்தால் அவர் பெரும்பாலும் தப்பாகச் சொல்வார், நாங்கள்தான் சரியாக ஒப்படைக்கவில்லை என்று எல்லாரும் நம்பினார்கள். பிள்ளைகள் சொன்னால் எப்படியோ பிடித்துவிடுவார். "படி ஏறுதுன்னு சொன்னா எனக்கு அந்தப் படிய மட்டும் தேடுனா போதும் டீச்சர். மீதிய நானே கட்டிக்குவேன்" என்று ஒருமுறை சொன்னார்.

கூட்டத்தின் ஆண்டு விழா வந்தது. கூடம் நிறைந்திருந்தது, பின்னால் நின்றுகொண்டெல்லாம் பார்த்தார்கள். எங்கள் விளையாட்டை மேடையில் ஆடிக்காட்ட வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். வேண்டாம் என்று நான் அவருக்குக் கண்ணைக் காட்டினேன். "பாத்துக்கலாங்க" என்றார். அவர் வெளியே போனார், கதவு சாத்தப்பட்டது. ஒரு குழல் இசையைப் போட்டார்கள். அவரைக் கூப்பிட்டதும் தர்ஷினி மேடையில் ஏறினாள். புதுப் பாவாடை, நெற்றியில் பெரிய பொட்டு.

"தாத்தா, ஒரு ஒல்லி அக்கா மாடிக்கு ஏறுறாங்க. ரெண்டு படி ஏறுவாங்க, ஒரு படி எறங்குவாங்க. கடைசி படிகிட்ட போயி சும்மா நின்னுக்குவாங்க. அப்புறம் கைப்பிடில சறுக்கிகினே கீழ வந்துடுவாங்க."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. மூன்றையும் போட்டார்கள். இரண்டாவதில் அந்த அக்கா சறுக்கிக்கொண்டு இறங்கியபோது கூட்டம் முழுக்க முகம் மலர்ந்தது. அவர் மேசையில் கையை வைத்தபடி அசையாமல் இருந்தார். "மூணாவது" என்றார். கூடத்தில் 'அச்சோ' என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

தர்ஷினி நின்றுகொண்டேயிருந்தாள். டபுள் டூட்டி என்பது அவளுக்கு அதுவரை நடந்ததே இல்லை. உதடு துடித்தது. தான்தான் தப்பாகச் சொல்லிவிட்டதாக அவள் நினைத்தாள். சபையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு பெரியவர்கள் சொல்வதைப்போல நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னாள்: "நல்லா இருந்துச்சு தாத்தா. ரொம்ப அருமையா இருந்துச்சு."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எந்தச் சொல் தவறியிருந்தாலும் அந்தச் சொல் அவருக்குத் தவறாது. என் வாயிலிருந்து அதை அவர் எத்தனை முறை பிடுங்கிப் போட்டிருப்பார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, மைக்கைக் கையில் வாங்கினார்.

"யாரும் கத்தாதீங்க. மெதுவாவே இருங்க" என்று ஆரம்பித்தார். "எனக்குக் காது கேக்கலீங்க. ரெண்டு வருசமா கொஞ்சம் கொஞ்சமா போயி, இன்னிக்கி சுத்தமா ஒண்ணும் வரல. மூணு பாட்டும் எனக்கு ஒண்ணுமேயில்ல. குத்துமதிப்பா ஒண்ண சொல்லிட்டேன். அது தப்புன்னு உங்க மூஞ்ச பாத்தா இப்பதான் தெரியுது. தப்பு எனுது. இந்தப் பொண்ணு சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல." பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தார். "இன்னிக்கி நான் கேட்ட பாட்டு நீ சொன்ன மாடிப்படி மட்டுந்தான். அந்த அக்கா கைப்பிடில சறுக்குனாங்க பாரு, அது நல்லா கேட்டுச்சு. வாங்கிகினேன், நீ கெளம்பு."

அவள் ஒரே ஓட்டமாக ஓடி அம்மா மடியில் விழுந்தாள். நான் மேடைக்கு ஓரமாக நின்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டேன். தனக்கு மீதி இருந்த பாட்டையெல்லாம் எந்த ரகசியத்தில் அவர் பத்திரமாக வைத்திருந்தாரோ, அதை ஒரு குழந்தையின் நாலு சொல்லுக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதை அன்று அங்கே புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான்.

அவர் பயந்தபடியேதான் நடந்தது. அடுத்த ஞாயிறு ஆளாளுக்கு அவர் முகத்துக்கு நேரே, "நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா" என்று கத்தினார்கள். ராமநாதன் சார் சிலேட்டு ஒன்று வாங்கிவந்து பெரிய எழுத்தில் 'வணக்கம்' என்று எழுதிக் காட்டினார். அவர் எல்லாருக்கும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டி ஓய்ந்துபோனார். பிள்ளைகள் மட்டும் கத்தவில்லை. ஒவ்வொருவராக அவர் முன்னால் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, கையை ஆட்டி ஆட்டி, கேட்டதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பார்த்து வெட்கப்பட்டு நாங்களும் மெல்லக் கற்றுக்கொண்டோம். மூன்று பாட்டைப் போட்டுக் கண்டுபிடிக்கும் பரீட்சை அதோடு நின்றது. "இனிமே பரிச்சயெல்லாம் கெடையாது. நீங்க சொல்றதுதான் பாட்டு" என்று அறிவித்துவிட்டார். சொன்னது மனசில் விழுந்தால் வாங்கிகினேன் என்பார். விழாவிட்டால் பேசாமல் இருப்பார், நாங்கள் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எனக்கும் ஒரு நாள் வாய்த்தது. கோயில் திருவிழாவில் நாகஸ்வரம் கேட்டுவிட்டு மறுநாள் காலை நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து சொன்னேன்.

"கூட்டத்துல ஒரு அம்மா பிள்ளையத் தொலைச்சிட்டாங்கண்ணே. அழல, கத்தல. ஒவ்வொரு கடையா உள்ள எட்டிப் பாத்துட்டு வராங்க. பாத்த கடையிலயே திரும்பவும் பாக்குறாங்க. ரொம்ப நேரம். கடைசில பிள்ள கெடச்சிருச்சு. அடிக்கல, எங்க போனன்னு கேக்கல. தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நடந்துட்டாங்க."

அவர் எண்ணெய்க் கையை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "நடக்கும்போது மெதுவாதான நடந்தாங்க?" என்றார். ஆமாம் மெதுவாகத்தான் என்று தலையாட்டினேன். அவர் கால் பெருவிரல் தரையில் ஒரு காலப்பிரமாணத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. நேற்று நான் கேட்டது அதே நடைதான், அச்சுப் பிசகாமல். "வாங்கிகினேன் டீச்சர், நீங்க கெளம்புங்க" என்றார். எனக்கு எத்தனையோ பரிசும் பாராட்டும் வந்திருக்கின்றன. அன்று வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் என் வீட்டுக்காரருக்கு உப்பில்லாமல் சாம்பார் வைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு அவர் வீட்டுக்குப் போனோம். தெருவை அடைத்துப் பந்தல், கண்ணாடிப் பெட்டிக்குள் அவர். வெளியே மேளம் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் மாலையை வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு ஒதுங்கினார்கள். தர்ஷினி அவள் அம்மாவோடு வந்தாள். இப்போது எட்டு வயது, பல்லெல்லாம் முளைத்துவிட்டது. அழவில்லை. நேரே தலைமாட்டுக்குப் போய், கண்ணாடிக்கு அருகே குனிந்து, எப்போதும்போல வாயை நன்றாகத் திறந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"தாத்தா, வெளிய மேளம் அடிக்கிறாங்க. குண்டு சத்தம் நாலு பேரு, ஒல்லி சத்தம் ஒரே ஒருத்தரு. குண்டு சத்தமெல்லாம் கையக் கோத்துகினு அவர மறிக்கிறாங்க. அவரு சிரிச்சிகினே பூந்து பூந்து ஓடுறாரு. இன்னும் புடிக்கல."

சொல்லிவிட்டு நிமிர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். அவள் அம்மா வந்து, "வாடி, போலாம், எல்லாரும் நிக்கிறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவள் நகரவில்லை.

"இரும்மா. இன்னும் வாங்கிக்கல."

அம்மாவுக்கு விளங்கவில்லை. சுற்றியிருந்த பெண்கள் பாவம் குழந்தை என்றார்கள். எனக்கு விளங்கியது. ஒப்படைத்தாயிற்று, ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அந்த வார்த்தை வராமல் அவள் அங்கிருந்து போக மாட்டாள், போகவும் கூடாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் போய்க் குனிந்து நின்றேன். கண்ணை மூடிக் காதை மேளத்துக்குக் கொடுத்தேன். நாலு பேர் மறிக்கிறார்கள், ஒருவர் புகுந்து புகுந்து ஓடுகிறார். இத்தனை நேரம் அந்தத் தெருவில் நின்றிருந்தும் எனக்கு அது இரைச்சலாகத்தான் இருந்தது. இப்போது அவர் ஓடுவது தெரிந்தது.

"வாங்கிகினேன் தர்ஷினி" என்றேன். "நீ கெளம்பு."

மதுரைக்காரியான என் வாயில் 'கினேன்' வந்தது வாழ்க்கையில் அன்றுதான். அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு அம்மாவோடு நடந்து போனாள்.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த வார்த்தைதான். வேறு எதையும் நான் கேட்கவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்துக்கு வெளியே, அவர் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஏதோ போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் யாராவது வந்து என்னைக் கூப்பிடுவார்கள், அது என்ன செய்தது என்று சொல்வார்கள்.